ஆளில்லாமல் உறுமிய பிக்கப்

எனக்குப் பேய்ப் பயம் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் ஓடிய இடம் வரும்போது யாரும் சிரிக்கக் கூடாது.

சிவமணி அக்காவுக்கு அந்தப் பயம் இல்லை. காப்புறுதிக் கம்பனியில் வருடக்கணக்காகப் பொய்க் கிளெய்ம்களைத் தோண்டிப் பார்த்தவர். உயிரோடு இருக்கிறவர்கள் செய்ததையெல்லாம் பார்த்த பிறகு செத்தவர்கள் என்ன பெரிதாகச் செய்துவிடப் போகிறார்கள் என்பது அவருடைய கட்சி. இப்போது டண்டினொங் ஸ்டேஷனுக்குக் கிட்ட, ஒரு சேலைக்கடையின் மாடியில், துப்பறியும் நிறுவனம் நடத்துகிறார். நிறுவனம் என்றால் அவர், இரண்டு கதிரை, நான். என் பெயர் கிறகோரி. மன்னார்க்காரன். முன்பு பழுதான வாகனங்களை இழுத்துப் போகும் லொறி ஓட்டினேன். இப்போது அக்காவின் காரை ஓட்டுகிறேன், அவர் கேட்காத இடத்திலும் கருத்துச் சொல்கிறேன்.

"கீஸ்பரோவுக்கு விடும் கிறகோரி. தர்சினி வீட்டுக்கு."

"வெயில் இருக்கேக்கையே திரும்பிடுவம்தானே அக்கா?"

"உந்தப் பேய் பின்னேரத்திலதான் வேலைக்கு வருமாம். அதைப் பாக்காமத் திரும்பேலாது."

தர்சினியின் கணவன் சுகிர்தன் டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவன். அமெரிக்காவிலிருந்து வரும் பெரிய பிக்கப்களின் ஸ்டியரிங்கை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றுகிற இடம். ஆசைப்பட்டு, தன் கையாலேயே மாற்றிய ஒன்றைத் தனக்கும் வாங்கினான். கந்தசஷ்டி நாட்களில், புயல் அடித்துக் கரண்ட் போன ஒரு பகலில், அதே பிக்கப்பின் சீட்டில் அவன் இறந்து கிடந்தான். கராஜ் கதவு மூடியிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே முழுக்கப் புகை.

வேறு யாருடைய கையும் இதில் இல்லை என்று பொலிஸ் சொல்லிவிட்டது. மிச்சத்தை நம்முடைய சனம் சொல்லி முடித்தது. தொழிற்சாலையில் ஆட்களைக் குறைக்கப் போகிறார்களாம், மனுசன் யோசனையாகவே திரிந்தானாம், தானாகவே போய்விட்டானாம். தர்சினியின் முகத்துக்கு நேரே யாரும் அப்படிச் சொல்லவில்லை. சாப்பாட்டுப் பெட்டியை நீட்டிவிட்டு அவசரமாகப் போனவர்களின் முதுகுகள் சொன்னதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

அந்த வீட்டில் ஹோலில் சுகிர்தனின் படம், படத்துக்கு முன்னால் விளக்கு. முப்பத்தோராம் நாள் சடங்கு இன்னும் வரவில்லை. தர்சினி மெலிந்து, தூக்கமில்லாமல், நாங்கள் கேட்கும் முன்பே பேச ஆரம்பித்தாள்.

"எனக்கு ஒண்டு மட்டும் தெரிஞ்சாக் காணும் அக்கா. அவர் வேணுமெண்டு போனவரோ, இல்லையோ. மகள் வினுஷா ஒவ்வொரு நாளும் கேக்கிறாள், அப்பாவுக்கு எங்களோட இருக்க விருப்பம் இல்லாமப் போச்சுதோ எண்டு. பதின்மூண்டு வயசுப் பிள்ளைக்கு நான் என்னெண்டு பதில் சொல்லுறது?"

"பிக்கப்பைப் பற்றிச் சொல்லும்," என்றார் அக்கா.

தர்சினி குரலைத் தாழ்த்தினாள். "அது தானா ஸ்டார்ட் ஆகுது. கராஜில ஒருத்தரும் இல்லை. அவர் நைட் ஷிஃப்ட்டுக்கு வெளிக்கிடுற நேரம் பாத்து உறுமுது. கொஞ்ச நேரத்தில நிக்குது. நான் அண்டையில இருந்து அதுக்குள்ள கால் வைக்கேல்லை. மகள் என்ரை அறையிலதான் படுக்கிறாள்."

சுகிர்தனின் அண்ணன் அருந்தவன் குசினியிலிருந்து தேநீரோடு வந்தார். டண்டினொங்கில் மீன்கடையும், கூடவே கலியாண வீடுகளுக்குச் சமையலும். தம்பி போன நாளிலிருந்து இந்த வீட்டுக்குத் தினமும் சைவச் சாப்பாடு கொண்டுவருகிறவர். கதிரை இருந்தும் உட்காரவில்லை.

"இதைக் கிண்டாதேங்கோ தங்கச்சி," என்றார் அக்காவிடம். "முப்பத்தொண்டு முடியட்டும். அந்த வாகனத்தை வித்துப்போட்டா எல்லாம் அடங்கிடும்."

"பாத்திட்டுப் போறன் அண்ணை. பாக்கிறதுக்குத்தானே கூப்பிட்டவை," என்றார் அக்கா.

உள்கதவைத் திறந்தால் இரண்டு படி இறங்கிக் கராஜ். பிக்கப் அந்த இடம் முழுவதையும் நிரப்பிக்கொண்டு, மூக்குச் சுவரில் முட்டுகிற மாதிரி நின்றது. பின்பக்கத்து ரோலர் கதவு பாதி தூக்கிக் கிடந்தது. பிக்கப்பின் சாமான் ஏற்றும் தட்டில் சின்ன மின்விளக்கு ஒன்று, திரி மாதிரியே செய்தது, மஞ்சளாக எரிந்தது. தம்பி போன இடத்திலும் ஒரு விளக்கு எரியவேண்டும் என்று அருந்தவன் வைத்ததாம். நெருப்பு விளக்கைப் பெட்ரோல் வண்டிக்குப் பக்கத்தில் வைக்க முடியாதுதானே. தர்சினி உள்கதவிலேயே நின்றுகொண்டாள். அருந்தவன் எங்களோடு இறங்கி வந்தார்.

"ஏன் உந்த ரோலர் கதவு திறந்தே கிடக்கு?" என்று அக்கா கேட்டார்.

"அருந்தவன் அத்தான்தான் சொன்னவர். இரவு பகல் மூடவேண்டாமாம். ஆவி வந்து போக வழி விடவேணுமாம்," என்றாள் தர்சினி.

எனக்கு முதுகில் சில்லென்றது. அதை மறைக்க வாகனத்தைச் சுற்றி வந்து, எஞ்சின்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். "அக்கா, நான் எத்தினை வாகனம் இழுத்தனான். சாவி போடாம, ஆள் ஏறாம ஒரு எஞ்சினும் ஸ்டார்ட் ஆகாது. அது எஞ்சின்ரை சாதியிலேயே இல்லை."

பின்தட்டின் மூலையைக் குனிந்து பார்த்தபோது வேறு ஒன்று என் மூக்கில் ஏறியது. "இஞ்சை மீன் மணக்குது. அறக்குளா. ஐஸில கிடந்தது."

"இருக்காது," என்றாள் தர்சினி. "சஷ்டிக்கு ஆறு நாளும் நான் விரதம். மீன்ரை மணமும் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது. பிறகு செத்தவீடு. எங்கால மீன்?"

"மன்னாரில பிறந்தவன்ரை மூக்குக்கு விரதம் தெரியாது அக்கா," என்று சொல்லி வாய் மூடவில்லை.

பிக்கப் உறுமியது.

சீட்டில் யாரும் இல்லை. ஒரு கையும் எதையும் தொடவில்லை. முன்பக்கம் ஒரு குலுக்கலோடு எஞ்சின் பிடித்து, அந்தச் சின்ன இடத்தில் எங்கள் நெஞ்சுக்குள்ளே ஓடுகிற மாதிரி ஓடியது. தர்சினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். நான் எங்கே போனேன் என்பது எனக்கே தெரியாது. நினைவு வரும்போது ரோட்டின் மறுபக்கத்தில், ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் புல்வெளியில், அந்தோனியாரைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றேன். கிழவர் பூக்கன்றுக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

நான் திரும்பி வந்தபோது எஞ்சின் நின்றுவிட்டிருந்தது. அக்கா கைகட்டியபடி அதே இடத்தில் நின்றார். ஆனால் அவர் பிக்கப்பைப் பார்க்கவில்லை. அருந்தவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீர் ஓடினீர், தர்சினி கண்ணை மூடினா," என்றார் அக்கா, காரில் ஏறிய பிறகு. "அந்த மனுசன் மட்டும் திடுக்கிடேல்லை. எஞ்சின் பிடிச்ச உடன அவர் என்னத்தைப் பாத்தவர் தெரியுமோ?"

"நான் அப்ப வேறை ஊரில நிண்டனான் அக்கா."

"ரோலர் கதவைப் பாத்தவர். அது தூக்கித்தான் கிடக்குதோ எண்டு."

பிரின்ஸஸ் நெடுஞ்சாலையில் பெரிய பிக்கப்கள் விற்கும் யார்டுக்குக் காரை விடச் சொன்னார்.

அங்கே விற்பனையில் நின்றவர் பார்த்தசாரதி. பொயிண்ட் குக்கிலிருந்து இவ்வளவு தூரம் வேலைக்கு வருகிற இந்தியத் தமிழர். தமிழில் பேசினால் விலையைக் குறைக்கச் சொல்வார்கள் என்ற பயத்தோடு சிரிக்கிறவர். வாங்க வரவில்லை என்று சொன்னதும் நன்றாகவே சிரித்தார்.

"மூணு எஞ்சின்ல வருது மேடம். ஒண்ணு, அந்தக் காலத்து எட்டு சிலிண்டர். நடுவுல நிறுத்திட்டாங்க. வாங்கறவங்க விடல, மறுபடி கொண்டு வந்துட்டாங்க. பாதிப் பேர் இழுவைக்கு வாங்கறதில்ல, சத்தத்துக்குத்தான் வாங்கறாங்க. ரெண்டாவது டர்போ வச்ச ஆறு சிலிண்டர். எட்டைவிட இதுதான் சக்தி, ஆனா சொன்னா ஒருத்தரும் நம்பறதில்ல."

"மூண்டாவது?"

"அதே ஆறு சிலிண்டர், கூட ஒரு மோட்டார், ஒரு பேட்டரி. ஹைபிரிட். வாங்க, காப்பி குடிச்சுக்கிட்டே பேசலாம்."

வெளியே நின்ற ஒரு பிக்கப்பின் பின்தட்டில் காப்பி மெஷின் வைத்திருந்தார்கள். அதன் வயர் பின்தட்டின் ஓரத்தில் இருந்த சொக்கெட்டுக்குள் போனது. வீட்டுச் சுவரில் இருக்கிற மாதிரியே சொக்கெட். பார்த்தசாரதி கோப்பையை நிரப்பி என்னிடம் நீட்டினார்.

"எஞ்சின் நிப்பாட்டித்தானே கிடக்கு?" என்றேன்.

"ஆமா சார். இப்ப பேட்டரில ஓடுது. ஒரு வீட்டுக்கே கரண்ட் குடுக்கும் இது. ஃபிரிட்ஜ், வெல்டிங் மெஷின், எது வேணாலும்."

நான் ஒரு வாய்தான் குடித்தேன். எனக்குப் பின்னால் பிக்கப் உறுமியது. மிச்சக் காப்பி என் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. சீட்டில் யாரும் இல்லை.

"பயப்படாதீங்க சார். பேட்டரி இறங்கினா எஞ்சின் அதுவா ஸ்டார்ட் ஆகும். சார்ஜ் ஏறினதும் அதுவா நின்னுடும். ஆளே வேண்டாம். அதனாலதான் டெலிவரி குடுக்கறப்ப படிச்சுப் படிச்சுச் சொல்லுவோம், மூடின எடத்துல இந்த சொக்கெட்டை மட்டும் போட்டுறாதீங்கன்னு."

அக்கா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "வயரைச் சொருகினாக் காணுமோ?"

"இல்ல மேடம். வண்டியை ஆன் பண்ணி, முன்னாடி ஸ்கிரீன்ல போய் இதைத் தனியா போட்டுவிடணும். ஒருத்தர் காட்டிக் குடுத்தாத்தான் தெரியும். வாங்கினவங்களே நிறையப் பேருக்குத் தெரியாது."

திரும்பி வரும்போது வெயில் இன்னும் இருந்தது. எனக்கோ பெரிய பாரம் இறங்கின சந்தோஷம். "அப்ப பேய் அந்த விளக்குத்தான் அக்கா. பிக்கப்பில சொருகியிருக்கினம். பேட்டரி இறங்க இறங்க எஞ்சின் பிடிக்குது. மற்ற நேரத்திலயும் பிடிச்சிருக்கும், அவர் வேலைக்குப் போற நேரத்தில பிடிக்கிறதுதான் தர்சினியின்ரை காதில விழுது. கேஸ் முடிஞ்சுது."

"முடியேல்லை. இப்பதான் தொடங்குது," என்றார் அக்கா. அவர் குரலில் சந்தோஷம் இல்லை. "விளக்கை வைச்சது செத்ததுக்குப் பிறகு. சுகிர்தன் செத்த அண்டைக்கும் எஞ்சின் ஓடினது. அண்டைக்கு அதில என்ன சொருகியிருந்தது?"

நான் யோசித்தேன். புயல், கரண்ட் இல்லாத பகல். ஒரு வீட்டுக்கே கரண்ட் கொடுக்கிற பிக்கப். பின்தட்டின் மூலையில் ஐஸில் கிடந்த அறக்குளா. என் சிரிப்பு அடங்கிவிட்டது.

"ஃப்ரீசர்," என்றேன். "மீன்கடை ஃப்ரீசர்."

"உம்மடை மூக்குக்குச் சம்பளம் கூட்டவேணும்," என்றார் அக்கா. நான் காரைக் கீஸ்பரோவுக்கு விட்டேன்.

அருந்தவன் குசினியில் சாப்பாட்டுப் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா அவரைக் கராஜுக்குக் கூப்பிட்டார். தர்சினியும் வந்து உள்கதவில் நின்றாள். அக்கா பின்தட்டுக்குப் போய், விளக்கின் வயரைக் கண்ணால் தொடர்ந்து, சொக்கெட்டில் கை வைத்தார்.

"இதை நான் கழட்டட்டோ அண்ணை?"

"வேண்டாம்." அவர் ஓர் அடி முன்னுக்கு வந்தார். "முப்பத்தொண்டு வரைக்கும் விளக்கு அணையக்கூடாது."

"எனக்கும் தெரியும். ஏத்தினால் ஏத்தினதுதான். வீட்டுச் சுவரில மாத்திச் சொருகலாம், ஆனா மாத்திற அந்த நிமிசம் அணைஞ்சு போகும். அதாலைதான் நீங்களும் மாத்தேல்லை. இல்லையோ?"

அருந்தவனின் கண் விளக்கிலேயே நின்றது.

"விளக்கு எரியேக்கை எஞ்சின் தானாப் பிடிக்கும் எண்டு முதல்நாளே உங்களுக்கு விளங்கியிருக்கு. அணைக்கவும் மனம் வரேல்லை, சொல்லவும் வாய் வரேல்லை. கதவைத் திறந்துவிடச் சொன்னனீங்கள். ஆவிக்குக் கதவு வேண்டாம் அண்ணை. புகைக்குத்தான் வேணும்."

தர்சினி எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"இந்தச் சொக்கெட்டை ஸ்கிரீனில போய்ப் போடவேணும். தர்சினிக்கு இப்பிடி ஒண்டு இருக்கெண்டே தெரியாது. உங்களுக்கு ஆர் காட்டித் தந்தது?"

அருந்தவன் பிக்கப்பின் பக்கத்தில் கையை ஊன்றிக்கொண்டார். "தம்பி," என்றார். "தம்பிதான் காட்டினவன்."

அதன்பிறகு அவரை யாரும் கேள்வி கேட்க வேண்டியிருக்கவில்லை. தரையைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனார்.

"அண்டைக்கு விடியவே கடையில கரண்ட் போயிட்டுது. ஒரு கலியாணத்துக்கு வாங்கின மீன் ஃப்ரீசரில. இவனுக்கு ஃபோன் அடிச்சன். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு படுக்கப் போனவன், அப்பிடியே எழும்பி வந்தான். என்ரை பிக்கப் இருக்கேக்கை ஏன் யோசிக்கிறாய் அண்ணை எண்டான். சின்ன ஃப்ரீசர், அடியில உருளுற சில்லு வைச்சது. ரெண்டுபேருமாப் பலகை வைச்சு ஏத்தி, இதில சொருகி, இஞ்சை கொண்டந்தம். இந்த வீட்டிலயும் கரண்ட் இல்லை. தர்சினிப் பிள்ளை விரதத்தோட கோயிலில. வரமுன்னம் கொண்டு போயிடுவம் எண்டு சொன்னவன். ஃப்ரீசரைப் பாத்துக்கொண்டு இதிலேயே படுக்கிறன் எண்டு சீட்டைச் சரிச்சுப்போட்டுப் படுத்தான்."

"கதவு?" என்றார் அக்கா.

"அவன் திறந்துதான் விட்டவன். எஞ்சின் சத்தமே இல்லை. பேட்டரியில ஓடுது எண்டு சொன்னவன், பேட்டரிதானே எண்டு நான் நினைச்சன். நான் கடைக்குப் போகேக்கை மீன் மணம் வீட்டுக்குள்ள போகுது எண்டு உள்கதவைச் சாத்தினன். பிறகு தெருவில ஆரும் கண்டால், சஷ்டிக்கை மீன் எண்டு கதை வருமே, தர்சினிப் பிள்ளை மனம் நோகுமே எண்டு..." அவர் ரோலர் கதவை நிமிர்ந்து பார்த்தார். "இதையும் நான்தான் இழுத்து மூடினன். அவன் நல்ல நித்திரை."

எனக்குப் பேய்ப் பயம் போய்விட்டது. இது பேயாகவே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

"கடைக்குக் கரண்ட் வந்திட்டுது. சனமும் வந்திட்டுது. நான் சுணங்கிட்டன். வந்து கதவைத் தூக்கேக்கை எஞ்சின் ஓடுது. தொட்டுப் பாத்தன், ஆள் குளிர்ந்து போச்சு. முதல்ல எஞ்சினை நிப்பாட்டினன். பிறகு..." அவர் முகத்தைத் துடைத்தார். "பிறகு ஃப்ரீசரை என்ரை வானுக்கு இழுத்தன். தனியா எப்பிடி இழுத்தன் எண்டு தெரியாது. அதுக்குப் பிறகுதான் அம்புலன்சுக்கு அடிச்சன். விரத வீட்டுக்கு மீனைக் கொண்டந்து தம்பியைச் சாகடிச்சுப்போட்டன் எண்டு நான் என்னெண்டு சொல்லுறது? கதவு மூடிக் கிடந்தது, எஞ்சின் ஓடினது எண்டு மட்டும் பொலிசுக்குச் சொன்னன், அவை மேல ஒண்டும் கேக்கேல்லை. தாங்களே ஒண்டை நினைச்சினம். நான் விட்டிட்டன்."

"இந்த வீட்டில அந்தப் பழியை ஆர் சுமந்தது எண்டு உங்களுக்குத் தெரியும்," என்றார் அக்கா. முதல் தடவையாக அவருக்குக் கோபம் வந்திருந்தது.

"தெரியும்."

"நாளைக்குப் பொலிசுக்கும் மரண விசாரணைக்காரருக்கும் நீங்களே போய்ச் சொல்லவேணும். நான் கூட வாறன்."

"ஓம்."

தர்சினி உள்கதவிலிருந்து இறங்கினாள். அவன் போன நாளிலிருந்து கால் வைக்காத அந்தத் தரையில், வெறுங்காலோடு, பிக்கப்பின் பக்கத்துக்கு வந்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்து நான் ஒதுங்கினேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"அவர் படுக்கேக்கை கதவு திறந்து கிடந்ததோ அத்தான்?"

"ஓம் பிள்ளை."

"அவர்தான் திறந்து விட்டவரோ?"

"ஓம். அவன்தான்."

"கடைசியா என்ன சொன்னவர்?"

அருந்தவன் பிக்கப்பின் சீட்டைப் பார்த்தார். "வினுஷாவின்ரை நீச்சல் வகுப்பு முடிய முன்னம் எழுப்பிவிடு அண்ணை எண்டவன். மழைக்கை பிள்ளை பாத்துக்கொண்டு நிப்பாள் எண்டு."

தர்சினி வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று அந்தப் பிள்ளை மழையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றதையும், அதன்பிறகு நீச்சலுக்குப் போகவே மாட்டேன் என்று நிற்பதையும் அக்காவுக்குச் சொன்னபோது அவளுடைய தோள்கள் குலுங்கின. கொஞ்ச நேரம் அப்படியே அழுதாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டாள்.

"வினுஷா. இஞ்சை வா."

"வாட், அம்மா?" ஒரு காதில் இயர்ஃபோனோடு பிள்ளை உள்கதவு வரைக்கும் வந்து, பிக்கப்பைக் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டது.

"பெரியப்பா உனக்கு ஒண்டு சொல்லப் போறார். நான் சொன்னா நீ, அம்மா என்னைத் தேத்திறதுக்குச் சொல்லுறா எண்டு நினைப்பாய்." அவள் அருந்தவன் பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்கோ. முழுக்கச் சொல்லுங்கோ."

அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். குனிந்து ரோலர் கதவுக்கு வெளியே வந்தோம். நான் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன்.

"அப்பா அண்டைக்கு உன்னைக் கூட்டிக்கொண்டுவர இருந்தவர், பிள்ளை," என்று உள்ளே அருந்தவன் சொல்வது கேட்டது. "தன்னை எழுப்பச் சொன்னவர். நான்தான் எழுப்பேல்லை."

பிறகு பிள்ளையின் குரல்.

"அப்ப, அப்பா வாறதுக்கு இருந்தவரோ?"

"ஓம்," என்றார் அவர். "வாறதுக்குத்தான் இருந்தவர்."